வெள்ளைப் பூவும் உச்சி வெயிலும்: திண்டுக்கல் சமவெளியில் மலர் அண்மைப்படக் கலை

திண்டுக்கல் மாவட்டத்துப் பூக்களைப் படமெடுக்க விரும்புவோரில் பெரும்பாலோர் கேமராவுடன் கொடைக்கானல் மலைக்கே ஏறுகின்றனர். அங்குள்ள பிரையண்ட் பூங்காவில் ஆண்டுதோறும் மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. 2018இல் குறிஞ்சி பூத்தபோது அம்மலைச் சரிவுகளை நோக்கித் திரும்பாத கேமரா அரிது. ஆனால் நாள்தோறும் தலையில் சூடவும் சாமிக்குச் சாத்தவும் பயன்படும் பூக்கள் மலையடியில் விரிந்துகிடக்கும் சமவெளியில்தான் விளைகின்றன. நிலக்கோட்டை, செம்பட்டி, சின்னாளபட்டி, வெள்ளோடு, ரெட்டியார்சத்திரம் ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களிலிருந்து மல்லி, முல்லை, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை, அரளி, பன்னீர் ரோஜா என்று வகைவகையாகப் பறிக்கப்படும் பூக்கள் நிலக்கோட்டைச் சந்தைக்கும், திண்டுக்கல் நகரில் அண்ணா வணிக வளாகத்திலுள்ள பூ மார்க்கெட்டுக்கும் வந்து சேர்கின்றன. இப்பூக்களை மிக அருகிலிருந்து படமெடுக்கும்போது ஒளியும், காட்சியமைப்பும், பின்னர் கணினியிலோ கைபேசியிலோ செய்யப்படும் திருத்தமும் படத்தின் தரத்தை எவ்வளவு உயர்த்தக்கூடும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

இத்துறையில் கிடைக்கும் கையேடுகளில் பெரும்பான்மை மிதவெப்ப நாடுகளின் வானத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அவை பரிந்துரைக்கும் நேரமும் ஒளியும் பத்தாம் அட்சக்கோட்டை ஒட்டிய செம்மண் பூமிக்கு அப்படியே பொருந்துவதில்லை. மேலும் அவை ஒளி, காட்சியமைப்பு, திருத்தம் ஆகிய மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகின்றன. இச்சமவெளியின் முதன்மையான பூக்கள் வெள்ளை நிறத்தன என்பதைக் கருத்தில் கொண்டால் அந்தச் சமநிலை தவறு என்பது விளங்கும். வெள்ளை இதழில் ஒளியை அளவறியாது விட்டுவிட்டால், அதன் பின் எந்தத் திருத்தமும் அவ்விதழை மீட்டுத் தராது.

படத்திற்கு முந்திய சித்திரம்

பூவை அருகில் வைத்துக் காட்டும் கலை கேமராவுக்கு முந்தியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட் 1836இல் பழனி மலைகளுக்குச் சென்று அங்குள்ள தாவரங்களைத் தொகுத்தார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட ‘ஐகோன்ஸ் பிளான்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்’ என்னும் நூலில் 2,101 சித்திரத் தகடுகள் உள்ளன. அவருக்காகச் செடிகளை வரைந்தவர்களுள் ரங்கையா, கோவிந்து என்னும் இரு தென்னிந்திய ஓவியர்கள் முதன்மையானவர்கள். ஒரு கிளையை இலையோடும் பூவோடும் முழுமையாக வரைந்து, அதே தாளின் ஓரத்தில் இதழ், மகரந்தத்தாள், சூலகம் ஆகியவற்றைப் பிரித்துப் பெரிதாக்கி வரைவது அவ்வகைச் சித்திரங்களின் முறை. ஒற்றைக் காட்சியில் பூவின் எல்லா உண்மைகளையும் அடக்க முடியாது என்பதை அம்முறை ஒப்புக்கொண்டது. இன்றைய படக்காரர் பலர் ஒப்புக்கொள்ளாததும் அதைத்தான்.

கேமரா வழியே இதே பணியைச் செய்தவர்களுள் பெர்லினில் ஆசிரியராக இருந்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட் குறிப்பிடத்தக்கவர். 1928இல் வெளிவந்த அவருடைய ‘உர்ஃபார்மன் டெர் குன்ஸ்ட்’ என்னும் படநூல், மொட்டுகளையும் தண்டுகளையும் பலமடங்கு பெரிதாக்கி, வெறுமையான பின்னணியில், நிழல் கடுமையின்றிப் பரவிய மென்மையான ஒளியில் காட்டியது. அவர் பயன்படுத்திய கருவி எளியது, நிறம் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. ஆயினும் அப்படங்களின் வலிமை ஒளியைப் பரப்பிய விதத்திலும் பின்னணியைத் துடைத்தெடுத்த விதத்திலும் இருக்கிறது. கருவி விலையைக் கொண்டு படத்தின் தரத்தை மதிப்பிடுவோர் அந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று.

உருப்பெருக்கமும் தெளிவாழமும்

அண்மைப்படத்தில் முதலில் அறிய வேண்டியது உருப்பெருக்க விகிதம். பொருளின் உண்மையான அளவும், கேமராவின் உணரியில் விழும் அதன் பிம்பத்தின் அளவும் சமமாக இருந்தால் அது ஒன்றுக்கு ஒன்று எனப்படும். பிம்பம் பாதியளவாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு. மேக்ரோ லென்ஸ் என்று விற்கப்படுபவற்றுள் பல, ஒன்றுக்கு ஒன்று வரை நெருங்க உதவுபவை. அவை இல்லாதவர்கள் சாதாரண லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே வெற்றுக் குழாய்களைப் பொருத்தியோ, லென்ஸின் முன்னால் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டியோ, பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியோ குறைந்த செலவில் ஏறக்குறைய அதே நெருக்கத்தை அடைகின்றனர்.

நெருங்க நெருங்கச் சுருங்குவது தெளிவாழம், அதாவது குவியப்படுத்திய இடத்திற்கு முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் பகுதியின் கனம். 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள முழுச்சட்டக உணரியில், லென்ஸின் துளையை எஃப் 8 என்று வைத்து ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் எடுத்தால் தெளிவாழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஒன்றுக்கு இரண்டில் அது சுமார் மூன்று மில்லிமீட்டராகவும், ஒன்றுக்கு நான்கில் ஒன்பது பத்து மில்லிமீட்டராகவும் விரிகிறது. விரிந்த மல்லி ஒன்றின் முன்விளிம்புக்கும் குழல் அடிக்கும் இடையே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் இருப்பதால், முழு நெருக்கத்தில் அப்பூவின் பெரும்பகுதி மங்கலாகவே விழும். துளையைச் சுருக்கி எஃப் 16, எஃப் 22 என்று போனால் ஆழம் கூடும். ஆனால் முழு நெருக்கத்தில் லென்ஸ் குறிக்கும் எண்ணைப் போல் இருமடங்காகவே உண்மையான துளை எண் செயல்படுவதால், எஃப் 16 என்பது எஃப் 32 போல ஒளியைக் குறைத்துவிடும். மிகச் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் கூர்மையும் மழுங்கும். ஆகவே சட்டகம் நிறையப் பூவை இழுத்துக்கொள்ளும் ஆசையைச் சற்று அடக்கி, கொஞ்சம் பின்வாங்கி எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்வது பெரும்பாலான வேளைகளில் சிறந்த முடிவாகிறது. கைபேசிக்கும் இது பொருந்தும்: பல போன்களில் மேக்ரோ என்று தனியாகத் தரப்படும் சிறு லென்ஸைவிட, முதன்மை லென்ஸில் ஒரு சாண் தள்ளி நின்று இருமடங்கு பெரிதாக்கி எடுக்கும் படம் பெரும்பாலும் தெளிவாக இருக்கிறது.

குவியப்புள்ளியைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையாக உள்ள பகுதியை மட்டும் மென்பொருள்வழி இணைக்கும் குவிய அடுக்கு முறை இச்சிக்கலுக்குத் தீர்வாகச் சொல்லப்படுகிறது. அறைக்குள் அசையாத பூவுக்கு அது மிக நன்று. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஓயாமல் வீசும் திண்டுக்கல் வெளியில் இரு படங்களுக்கு இடையே பூ ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதால் அம்முறையைத் தோட்டத்தில் நம்ப முடியாது.

ஒளி

திண்டுக்கல் நகரம் ஏறக்குறைய 10.4 பாகை வட அட்சத்தில் உள்ளது. இதனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கிறது. மார்கழியில்கூட உச்சிவேளையில் 56 பாகை உயரத்திற்குக் குறைவதில்லை. அதைவிட முக்கியமானது சூரியன் ஏறும் வேகம். இங்கு உதித்த சூரியன் மணிக்கு 13 முதல் 15 பாகை வரை செங்குத்தாக ஏறுகிறது. இலண்டனில் மார்ச் மாதச் சமநாளில் அது மணிக்கு ஒன்பது பாகை அளவே ஏறும். சாய்வான, இளஞ்சூடான காலை ஒளியைப் ‘பொன்னொளி நேரம்’ என்று கையேடுகள் கொண்டாடுவது ஐரோப்பியக் கோடையில் நெடுநேரம் நீடிக்கலாம்; திண்டுக்கல் சமவெளியில் அது ஏறக்குறைய அரைமணியில் முடிந்துவிடுகிறது. எட்டரை மணிக்குத் தோட்டத்திற்கு வரும் படக்காரர், நேரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே, கடுமையான வெயிலில் எடுத்துக்கொண்டிருப்பார்.

இங்கு நிலவமைப்பு ஓர் உதவியைச் செய்கிறது. சிறுமலையின் மேற்கடிவாரத்தில் உள்ள வெள்ளோடு போன்ற ஊர்களில், கிழக்கே மலை மறிப்பதால் நேர்வெயில் சற்றுப் பிந்தியே தோட்டத்தில் விழுகிறது. அதுவரை வானம் முழுவதும் பரவிய நிழலற்ற வெளிச்சம் பூமேல் படிகிறது. மாறாக, பழனி மலைத்தொடரின் அடியிலுள்ள கன்னிவாடிப் பக்கம் மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்து அதே வகை ஒளியைத் தருகிறது. காலைக்குச் சிறுமலை அடிவாரம், மாலைக்குக் கன்னிவாடி என்று இடத்தைத் தேர்ந்துகொள்வது விலையுயர்ந்த எந்தக் கருவியும் தராத வசதி. சூரிய உதயத்தை ஒட்டிய நேரத்தில் காற்றும் பெரும்பாலும் அடங்கியிருப்பதால், காலைக்கே முதலிடம் தர வேண்டும்.

ஆனால் மல்லியின் கடிகாரம் இதற்கு எதிராக ஓடுகிறது. மல்லியை மலர்ந்த பின் பறிப்பதில்லை. முதிர்ந்து வெளுத்த மொட்டாக, விடிவதற்கு முன்னரே தொடங்கிப் பறித்துவிடுகிறார்கள். அம்மொட்டு மாலை மங்கிய பிறகே விரிகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் சிறப்புகளில் தடித்த இதழும் ஒன்று. நிலக்கோட்டை வட்டாரமும் அதன் விளைநிலத்தைச் சேர்ந்தது. ஆக, காலை ஒளியில் தோட்டத்தில் கிடைப்பது மொட்டு மட்டுமே. விரிந்த பூ வேண்டுமென்றால் சூரிய ஒளியே இல்லாத நேரத்தில், பறிக்காமல் விடப்பட்ட செடியில்தான் கிடைக்கும். இணையத்தில் ‘மதுரை மல்லி’ என்ற பெயரில் உலவும் பகல்நேர விரிமலர்ப் படங்களில் வேறு மல்லிகை இனங்கள் கலந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். சம்பங்கிக்கும் பிச்சிக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். பிச்சி மொட்டின் வெளிப்புறத்தில் ஓடும் இளஞ்சிவப்புச் சாயலை மட்டும் காலையிலேயே எடுத்துவிடலாம்.

எனவே இப்பூக்களுக்குச் செயற்கை ஒளி தவிர்க்க முடியாதது. கேமராவின் மேல் பொருத்திய ஃபிளாஷ் நேராக அடிக்கும்போது மல்லியின் இதழ் மேடுபள்ளமின்றி வெற்றுத் தாளாகிவிடும். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிப் பூவுக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ வைத்து, இடையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தால், ஒளி இதழின் தடிப்பையும் மடிப்பையும் காட்டும். ஒளி தரும் பரப்பு பூவை ஒப்பிடப் பெரிதாகவும் அருகிலும் இருந்தால் நிழல் மென்மையாகும் என்பதே இதன் அடிப்படை விதி. பூ சிறியது என்பதால், ஒரு முழ வேட்டித் துணியை அரையடி தூரத்தில் பிடித்தாலே அது மாபெரும் ஒளிப்பரப்பாகிவிடும். அண்மைப்படத்தில் மட்டும் கிடைக்கும் இந்தச் சலுகையைத் திருமணப் படமெடுப்போர் பொறாமையோடு பார்க்கலாம். கைபேசி வைத்திருப்பவர் இன்னொரு போனின் டார்ச் ஒளியைத் தாள் ஒன்றின் வழியே வடியவிட்டாலும் போதும்.

பகலில் எடுக்க நேர்ந்தால் அதே துணியைப் பூவுக்கும் சூரியனுக்கும் இடையே பிடிக்க வேண்டும். நிழல் விழுந்த பக்கத்தில் ஒரு தெர்மாகோல் துண்டை வைத்தால் அது ஒளியைத் திருப்பி அனுப்பி இருளைக் குறைக்கும். வெள்ளைக் குடையே இரு வேலைக்கும் உதவுவதோடு, காற்றையும் ஓரளவு மறைக்கும். தண்டு ஆடாதிருக்க அருகில் ஒரு குச்சியை ஊன்றித் துணி கிளிப்பால் மெல்லப் பற்றிக்கொள்வதும் வழக்கம். காற்று வீசும் பொழுதில் ஷட்டர் வேகம் விநாடியில் 250இல் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. உருப்பெருக்கம் பூவைப் பெரிதாக்குவது போலவே அதன் அசைவையும் பெரிதாக்குகிறது.

வெள்ளைப் பூவின் ஒளியளவு தனியாக விளக்கத்தக்கது. கேமராவின் ஒளிமானி, தான் காணும் காட்சி மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிறமானது என்று கருதியே கணக்கிடுகிறது. சட்டகம் முழுவதும் மல்லியே நிறைந்திருந்தால், அதைச் சாம்பலாக்க முயன்று படத்தை மங்கச் செய்யும். அப்போது ஒளியை ஒரு படி கூட்ட வேண்டும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு சிறு மொட்டு மட்டும் இருந்தால், இலைகளை வெளிச்சமாக்கப் போய் மொட்டை வெளிறச் செய்துவிடும். அப்போது ஒரு படி குறைக்க வேண்டும். ஒரே செடி, ஒரே ஒளி, எதிரெதிரான இரு திருத்தங்கள். இதில் குழம்பாதிருக்க, படத்திலுள்ள ஒளியளவுகளின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடத்தைப் பார்த்து, அதன் வலது ஓரம் சுவரில் முட்டாமல் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. சந்தேகம் வந்தால் சற்று இருட்டாக எடுப்பதே மேல். இருண்ட இதழைப் பின்னர் வெளிச்சமாக்கலாம், எரிந்து வெறுமையான இதழில் மீட்க எதுவும் இருப்பதில்லை.

திண்டுக்கல் மண்ணுக்கே உரிய மற்றொரு காரணியும் உண்டு. இச்சமவெளியின் பெரும்பகுதி செம்மண். வெயில் ஏறியதும் அம்மண் ஒளியை மேல்நோக்கித் திருப்பி அனுப்ப, தாழ்வான செடியிலுள்ள வெள்ளைப் பூவின் அடிப்புறம் இளஞ்சிவப்பாகத் தோன்றுகிறது. இலை அடர்ந்த இடத்தில் அதுவே பச்சைச் சாயலாகிறது. திறந்த நிழலில் நீல வானம் படிந்து நீலமாகிறது. கண் இவற்றைத் தானே சரிசெய்துகொள்வதால் எடுக்கும்போது தெரிவதில்லை. செடியின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தால் மண்ணின் சாயலும் மறையும், அடியிலிருந்து நல்லொளியும் கிடைக்கும்.

காட்சியமைப்பு

மூன்றில் ஒரு பங்கு விதி, ஒற்றைப்படை எண்ணிக்கை, மூலைவிட்டக் கோடு என்று காட்சியமைப்புக்குச் சொல்லப்படும் விதிகள் பரவலாக அறிந்தவை. அவற்றை இங்கு விரிப்பது வீண். அண்மைப்படத்தில் பெரும்பாலான தோல்விகள் பூவின் பின்னால் நிகழ்கின்றன. சொட்டுநீர்க் குழாயின் கறுப்புக் கோடு, வரப்பில் கிடக்கும் உரச்சாக்கு, வெயில் பட்டு மின்னும் ஒற்றை இலை ஆகியன மங்கலாகத் தெரிந்தாலும் கண்ணை இழுத்துவிடுகின்றன. கேமராவை இரண்டு மூன்று அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தினாலே அவை சட்டகத்தை விட்டுப் போய்விடும். நீண்ட குவியத்தூரமுள்ள லென்ஸ், பின்னணியின் குறுகிய பகுதியை மட்டுமே காட்டுவதால் இந்த வேலையை எளிதாக்குகிறது. வெயில் பட்ட பூவுக்குப் பின்னால் நிழலான வேலியோ கிணற்றுச் சுவரோ அமைந்தால் பின்னணி தானாகவே கறுத்து, வெள்ளைப் பூ தனித்து நிற்கும்.

அடுத்தது, பூவின் உடலமைப்பை அறிந்து கோணத்தைத் தேர்வது. இதில் எல்லாப் பூவுக்கும் ஒரே வழி கிடையாது. மல்லி சுற்றிலும் ஒத்த வடிவுடையது. நேர் மேலிருந்தும் எடுக்கலாம், பக்கத்திலிருந்தும் எடுக்கலாம். கனகாம்பரம் அப்படிப்பட்டதன்று. பச்சைச் செதில்கள் நெருங்கி அடுக்கிய கதிரில் அடியிலிருந்து மேல்நோக்கி வரிசையாக விரியும் அதன் ஒவ்வொரு பூவும் ஒரே பக்கமாக விசிறி போல் ஐந்து மடல்களை விரிக்கிறது. மேலிருந்து எடுத்தால் ஆரஞ்சு நிறத் திட்டாக மட்டுமே தெரியும். கதிரின் மட்டத்திற்குக் கேமராவை இறக்கி, விசிறியின் தளமும் கேமராவின் உணரித் தளமும் இணையாக இருக்குமாறு திருப்பினால், ஐந்து மடல்களும் குறைந்த தெளிவாழத்திலேயே கூர்மையாக விழும். இணைத்தளம் என்னும் இந்த உத்தி, துளையைச் சுருக்காமல் தெளிவைப் பெறுவதற்கான எளிய வழி.

ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் விதைக்காகப் பயிரிடப்படும் கண்வலிக்கிழங்கு, அதாவது தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், காட்சியமைப்புக்குக் கடினமான பூக்களுள் ஒன்று. தலைகீழாகத் தொங்கும் அப்பூவின் ஆறு இதழ்களும் நெளிந்து பின்னோக்கி மடிந்து மேலே நிமிர்கின்றன. ஆறு மகரந்தத்தாள்கள் கீழே சுற்றிலும் கிடைமட்டமாக விரிகின்றன. சூல்தண்டோ அடியிலேயே வளைந்து ஒரு பக்கமாக நீண்டுவிடுகிறது. பலரும் இதழின் நெருப்பு நிறத்தில் மயங்கி அதன்மீதே குவியப்படுத்துகின்றனர். அப்பூவின் அமைப்பை உண்மையில் விளக்குவது சூல்தண்டின் அத்திருப்பம். விதை பிடிப்பதற்காக விவசாயிகள் கையால் மகரந்தம் தொட்டு வைப்பதும் அதன் நுனியில்தான். பூவின் மட்டத்திற்குத் தாழ்ந்து, சூல்தண்டு பக்கவாட்டில் முழுமையாகத் தெரியும் கோணத்தில், அதன் நுனியில் குவியத்தை வைத்து எடுத்த படம், அழகோடு தாவரவியல் பொருளும் பெறுகிறது. மஞ்சளும் பச்சையுமாக மலர்ந்து நாள்படச் சிவக்கும் பூ ஆதலால், ஒரே கொடியில் வெவ்வேறு வயதுப் பூக்களைச் சேர்த்து அமைக்கும் வாய்ப்பும் உண்டு. செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கும் விதையும், கோல்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள் கொண்டவை என்பதால் தொட்டுத் திருப்பிய கையைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிக்கப்படும் ஆவாரம்பூ, சாலையோரத் தும்பை, எருக்கு ஆகிய விலையற்ற பூக்கள் படக்காரரின் கவனத்தை இன்னும் போதிய அளவு பெறவில்லை. ஆவாரம்பூவின் மகரந்தப்பைகள் நீளத்தில் ஒத்தவை அல்ல. அவை நுனித் துளை வழியாகவே மகரந்தத்தை வெளியிடுகின்றன, தேனீ உடலை அதிரச் செய்தே அதை உதிர்க்கிறது. மஞ்சள் இதழ்களை முகப்பில் காட்டும் வழக்கமான படத்தில் இவை ஒன்றும் தெரிவதில்லை; பக்கக் கோணத்தில் வளைந்த பெரிய மகரந்தப்பைகள் தெளிவாகத் தெரிகின்றன. செண்டுமல்லியில் ஒற்றைப் பூவாகத் தோன்றுவது பல சிறு பூக்கள் நெருங்கிய தலைக்கொத்து என்பதால், அதை முழுமையாக எடுப்பதைவிட ஓரத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பது நல்ல பயனைத் தருகிறது. சந்தையில் குவியலாகக் கிடக்கும் உதிரிப்பூவை எடுக்கும்போது மேலே கட்டிய தார்ப்பாயின் நிறம் பூவில் ஏறிவிடும் என்பதைச் சந்தையில் எடுப்போர் மறக்கலாகாது.

திருத்தம்

திருத்தத்தின் எல்லை, கேமரா எந்த வடிவில் பதிவு செய்தது என்பதைப் பொறுத்தது. ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்திற்கும் 256 ஒளிப்படிகளையே வைத்திருக்கிறது. உணரி பெற்ற தகவலை அப்படியே காக்கும் ரா கோப்பு 12 பிட்டில் 4,096 படிகளையும் 14 பிட்டில் 16,384 படிகளையும் கொள்கிறது. வெள்ளை இதழின் நுண்ணிய சாயல் வேறுபாடுகள் உச்ச ஒளிப்படிகளில் நெருங்கிக் கிடப்பதால், மல்லியைப் படமெடுப்போர் ரா வடிவைத் தவிர்ப்பது சிக்கனமாகாது. லைட்ரூம் போன்ற கட்டண மென்பொருள்களும், டார்க்டேபிள், ரா தெரப்பி போன்ற இலவச மென்பொருள்களும் அதைத் திறக்கும்; கைபேசியில் ஸ்னாப்சீட் போதுமானது.

முதலில் வெண்சமநிலை, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியுமாறு ஒளியின் நிறத்தை ஈடுசெய்தல். படமெடுக்கும்போது பூவருகே ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், பின்னர் அதைத் தொட்டுக் காட்டியே செம்மண்ணின் சாயலையும் வானத்தின் நீலத்தையும் நீக்கிவிடலாம். முழுவதும் நீக்கிவிட வேண்டும் என்பதில்லை; காலை ஒளியின் இளமஞ்சள் சிறிது தங்குவது பூவுக்கு உயிர் தருகிறது. அடுத்து உச்ச ஒளியைத் தாழ்த்தி இதழின் நரம்புகளை வெளிக்கொணர்வது. அதன் பின்னரே நிறச்செறிவு.

பெரும்பாலான படங்கள் கெடுவது இந்த நிறச்செறிவில்தான். செங்காந்தளின் சிவப்பும் கனகாம்பரத்தின் ஆரஞ்சும் படமெடுக்கும்போதே சிவப்பு வழித்தடத்தை நிரப்பிவிடுகின்றன; மொத்த ஒளியைக் காட்டும் வரைபடத்தில் குறையொன்றும் தெரியாதபோதும், சிவப்புக்கான தனி வரைபடம் சுவரில் முட்டி நிற்கும். அந்நிலையில் செறிவைக் கூட்டினால் இதழின் மடிப்புகளும் நிழல்களும் கரைந்து ஒரே வண்ணத் திட்டாகிவிடும். சிவப்பின் ஒளிர்வைக் குறைத்து, செறிவையும் சற்றுக் குறைப்பதே அதற்கு மருந்து. நிறம் குறைந்த படத்தில் பூ மேலும் சிவப்பாகத் தெரிவது பலருக்கு வியப்பளிக்கும். அச்சுக்குப் போகும் படத்தில் இன்னொரு தடையும் உண்டு. நான்கு மைகளால் அச்சிடும் முறை, வாடாமல்லியின் ஊதா கலந்த செந்நிறத்தைத் திரையில் தெரிவது போல் தர இயலாது. திரையை நம்பி மலரட்டை அச்சிட்டவர்கள் மங்கிய ஊதாவைக் கண்டு அச்சகத்தாரைக் கடிந்துகொள்வது நியாயமில்லை.

கூர்மையாக்கும் கருவியைப் பூவின் மீது மட்டும் செலுத்தி, மங்கலான பின்னணியை விட்டுவிட வேண்டும். இல்லையேல் பின்னணியில் மணல்போல் புள்ளிகள் எழும். போனின் செயற்கைப் பின்னணி மங்கலாக்கம், இதழின் அகன்ற விளிம்பைச் சமாளித்தாலும் மகரந்தத்தாள்களின் இடையே தடுமாறி, பாதித் தாளையே அழித்துவிடுவதுண்டு. தூசு, உலர்ந்த மருந்துக் கறை போன்றவற்றைத் துடைப்பது ஏற்கத்தக்கது. ஆனால் மொட்டில் புழுத் துளைத்த ஓட்டையையோ, மொட்டுக்குள் வளரும் சிறு ஈயின் புழுவால் ஏற்படும் ஊதா நிறத்தையோ அழித்துவிடும் படம், அலங்காரத்திற்கு ஆகலாம். வேளாண் அலுவலருக்கோ விவசாயிக்கோ அதனால் பயனில்லை. அடையாளம் காண்பதற்காக எடுக்கும் படங்களில் அழகுத் திருத்தமே வேண்டாம் என்பது இக்கட்டுரையின் தீர்ப்பு. அவற்றுக்குத் தேவையானவை முகப்பு, பக்கம், புல்லிவட்டம், இலை, முழுச்செடி என்று பல கோணங்களும், ஓர் அளவுகோலும், நாளும் இடமும். வைட்டின் ஓவியர்கள் ஒரே தாளில் செய்ததைப் படக்காரர் ஐந்து படங்களில் செய்ய வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் நடந்துகொள்ளும் முறை

பூவின் மேல் நீர் தெளித்துப் பனித்துளி போலக் காட்டுவது பரவலான பழக்கம். வீட்டுத் தொட்டியில் அது தீங்கற்றது. விற்பனைக்கான தோட்டத்தில் நனைந்த மொட்டு சீக்கிரம் நிறம் மாறி மதிப்பிழக்கும். உண்மையான பனித்துளி மார்கழி, தை மாதங்களில் கிடைக்கும். அதே பனிக்காலத்தில்தான் மல்லி வரத்துக் குறைந்து விலை ஏறுகிறது, ஆகவே அப்போது ஒவ்வொரு மொட்டும் தோட்டக்காரருக்குக் காசு. மல்லிக்குப் பூச்சிமருந்து அடிக்கடி அடிக்கப்படுவதால், எப்போது அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு முகத்தைப் பூவருகே கொண்டுபோவது உடல்நலத்திற்கு நல்லது. விரிந்த மல்லியைச் செடியிலேயே படமெடுக்க விரும்புவோர், முதல் நாளே தோட்டக்காரரிடம் சொல்லி ஒரு செடியை மட்டும் பறிக்காமல் விடச் செய்து, அன்றைய சந்தை விலைப்படி அந்தப் பூவுக்கான தொகையைக் கொடுத்துவிட வேண்டும்.